பனி மேல ஒரு அடியாள் வேலை

277 மேட்ச். 3 கோல். 589 நிமிஷம் பெனால்டி.

டெரிக் பூகார்ட் என்கிற ஐஸ் ஹாக்கி வீரரோட மொத்த என்.எச்.எல் கணக்கு இவ்வளவுதான். ஒரு மேட்ச்சே அறுபது நிமிஷம்தான். அப்ப அவரோட தண்டனைக் கணக்கு மட்டும் கிட்டத்தட்ட பத்து முழு மேட்ச்! கோல் அடிக்காதவரை எதுக்குய்யா சம்பளம் குடுத்து வச்சிருந்தாங்கன்னு கேக்கறீங்களா? அடிக்கத்தான். பந்தை இல்ல (அங்க பந்தும் கிடையாது, பக் என்கிற ரப்பர் வில்லை), ஆளை.

இதுக்கு அங்க மரியாதையா ஒரு பேரு இருக்கு: என்ஃபோர்சர். நம்ம பாஷையில அடியாள். நம்ம ஸ்டார் ப்ளேயரை எவனாவது இடிச்சா, இவர் போய் கையுறையைக் கழட்டிப் போட்டுட்டு வெறுங்கையால குத்தணும். எதிர் அணியிலயும் இதே வேலைக்கு ஒருத்தர் இருப்பார். ரெண்டு பேரும் முகத்துல மாறி மாறிக் குத்திக்குவாங்க. நடுவர்கள் சுத்தி நின்னு, யாராவது விழற வரைக்கும் வேடிக்கை பார்ப்பாங்க. தண்டனை? அஞ்சு நிமிஷம் பெட்டிக்குள்ள உக்காரணும். அப்புறம் மறுபடி ஆட வரலாம். அடப்பாவிகளா!

பூகார்ட் கனடாவில சஸ்கடூன்ல பிறந்தவர். ஆறே முக்கால் அடிக்குக் கிட்ட உயரம். 2001ல மினசோட்டா வைல்ட் அணி ஏழாவது சுற்றுல எடுத்துச்சு. ரசிகர்களுக்கு அவர்னா உசிரு. 2010ல நியூயார்க் ரேஞ்சர்ஸ் நாலு வருஷத்துக்கு 65 லட்சம் டாலர்னு ஒப்பந்தம் போட்டுச்சு. அந்த டிசம்பர்லயே ஒரு சண்டையில தலையில அடி. அதோட ஆட்டம் முடிஞ்சுது. 2011 மே மாசம் செத்துக் கிடந்தார். மதுவும் வலி மாத்திரையும் சேர்ந்த கலவை. வயசு 28.

மூளையை பாஸ்டன் பல்கலைக்கழகத்துல ஆராய்ஞ்சாங்க. சி.டி.இ. திரும்பத் திரும்ப தலையில அடி வாங்கினா மூளை சிதைஞ்சு போற நோய். உயிரோட இருக்கறப்ப உறுதி பண்ணவே முடியாது. அந்த வயசுக்கு இவ்வளவு முத்தியிருந்தது டாக்டர்களையே அதிர வச்சுது.

சரி, லீக் என்ன சொல்லுது? கமிஷனர் கேரி பெட்மேன் பல வருஷமா பாடற ஒரே பாட்டு, ஹாக்கிக்கும் சி.டி.இ.க்கும் தொடர்பு நிரூபணமாகலைங்கறதுதான். 2018ல முன்னூறுக்கும் மேற்பட்ட பழைய வீரர்களோட வழக்கை 1.89 கோடி டாலருக்கு சமரசம் பண்ணினாங்க. எங்க மேல தப்பில்லைன்னு சொல்லிக்கிட்டே! பூகார்ட் குடும்பத்தோட வழக்கு 2017ல தள்ளுபடி. ஆனா இதை லீக் நடந்துக்கிட்ட விதத்துக்குப் பாராட்டா எடுத்துக்கக் கூடாதுன்னு நீதிபதியே எழுதி வச்சார்.

இதுக்கு சப்பைக்கட்டு கட்டறவங்க ரெண்டு வாதம் வைப்பாங்க.

ஒண்ணு, அடியாள் இருந்தாத்தான் ஸ்டார்களுக்குப் பாதுகாப்பாம். ஏன் சாமி, அதுக்குத்தானே விசில் வச்சுக்கிட்டு நடுவர் இருக்கார்? ஒலிம்பிக்ல சண்டை போட்டா ஆட்டத்தை விட்டே வெளியே அனுப்பறாங்க. அங்க அடியாளுக்கு வேலையே இல்ல. அதனால அங்க ஹாக்கி கெட்டா போச்சு? கியூபெக் ஜூனியர் லீக் 2023ல இதே மாதிரி விதி கொண்டு வந்துச்சு. பசங்க விளையாடிக்கிட்டுத்தான் இருக்காங்க.

ரெண்டாவது, அவரா விரும்பித்தானே போனார், காசு வாங்கினாரே! இதுதான் எனக்குப் பத்திக்கிட்டு வர்ற வாதம். கோல் அடிக்கற திறமை இல்லாத பெரிய உடம்புப் பையனுக்கு லீக் திறந்து வச்சது ஒரே ஒரு கதவு. அதுக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு அவனுக்குச் சொன்னது யாரு? விவரம் தெரியாம வர்ற சம்மதம் என்ன சம்மதம்? அந்தக் கதவைத் திறந்து வச்சு டிக்கெட் வித்தவங்களுக்குப் பொறுப்பே இல்லையா?

இப்பல்லாம் சண்டை ரொம்பக் குறைஞ்சிருச்சு, அடியாள்னே தனியா ஆள் வைக்கறதில்லைன்னு சொல்வாங்க. நிஜம்தான். ஆனா அந்த அஞ்சு நிமிஷ விதி அப்படியேதான் இருக்கு. குறைஞ்சதுக்குக் காரணம் மனசாட்சி இல்ல; வேகமா ஸ்கேட் பண்ணத் தெரியாதவருக்கு இன்னைக்கு அணியில இடமில்லைங்கற கணக்குதான்.

அடிச்சா அன்னைக்கு ஆட்டம் காலின்னு ஒரு வரி எழுத இவங்களுக்கு என்ன தடை? கூட்டம் எழுந்து நின்னு கத்தறது நின்னு போயிடுமேங்கற பயம் மட்டும்தான்.