நல்ல கையைக் கட்டிவைத்தால்

பத்து மாதக் குழந்தை கிலுகிலுப்பையை எப்போதும் இடது கையாலேயே வாங்குகிறது. வலது கை மூடிய முஷ்டியாக மடியில் கிடக்கிறது. "இவன் தாத்தாவுக்கும் இடது கைப் பழக்கந்தான்" என்கிறாள் பாட்டி. வீட்டாரும் சிரித்துவிட்டுச் சும்மா இருந்துவிடுகிறார்கள். ஆனால் ஒரு வயது நிரம்புமுன் ஒரு கையை அடியோடு ஒதுக்குவது குழந்தைகளுக்கு வழக்கமல்ல. அது மூளை முடக்குவாதத்தின் அடையாளமாக இருக்கக்கூடும். தாத்தாவின் மேல் பழியைப் போடாமல் வைத்தியரிடம் காட்டுவதே புத்திசாலித்தனம்.

வலது கையை ஆட்டுவிப்பது மூளையின் இடது பாதி என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். பிறக்கும்போது நிலைமை சற்று வேறு. சிசுவின் மூளையில் ஒவ்வொரு பாதியிலிருந்தும் இரு கைகளுக்குமே நரம்புகள் செல்கின்றன. முதல் இரண்டு ஆண்டுகளில் அவற்றுக்குள் போட்டி நடக்கிறது. வேலை செய்யும் நரம்பு நிலைக்கிறது. சோம்பி இருப்பது பின்வாங்குகிறது. மூளையின் ஒரு பாதி அடிபட்டிருந்தால், அதில் பிழைத்த நரம்புகளும் இந்தப் போட்டியில் தோற்றுப்போகின்றன. இங்கிலாந்தில் நியூகாசிலைச் சேர்ந்த ஜேனட் அயர் குழுவினர் 2001-ல் இதை விளக்கினார்கள். 2007-ல் இதைச் 'சோம்பேறிக் கண்'ணோடு ஒப்பிட்டார்கள். கண் வைத்தியர் நல்ல கண்ணை மூடிவைத்து, மங்கிய கண்ணுக்கு வேலை கொடுக்கிறார் அல்லவா?

கைக்கும் அந்த வைத்தியம் உண்டு. அமெரிக்க உளவியல் நிபுணர் எட்வர்ட் டாப் அதைக் குரங்குகளிடம் கண்டார். ஒரு கையின் உணர்ச்சி நரம்புகளைத் துண்டித்ததும், அசைக்க முடிந்திருந்தும் குரங்கு அந்தக் கையைக் கைவிட்டுவிட்டது. நல்ல கையைக் கட்டியதும் மறுபடி அதையே உபயோகித்தது. (அந்தக் குரங்குகளை வைத்திருந்த விதத்துக்காக 1981-ல் போலீஸார் ஆராய்ச்சிக்கூடத்தில் புகுந்ததும், வழக்கு நடந்து தண்டனை பின்னர் ரத்தானதும் தனிக் கதை.) 2004-ல் டாப் குழுவினர் மூளை முடக்குவாதமுள்ள 18 குழந்தைகளைக் கொண்டு நடத்திய சோதனையில், ஒரு பகுதியினரின் நல்ல கைக்கு மாவுக்கட்டுப் போட்டு, தினம் 6 மணி நேரம் வீதம் 21 நாள் விளையாட்டாகப் பயிற்சி அளித்தார்கள். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட இவர்கள் கூடுதலாகத் தேறினார்கள்.

அப்படியானால் கட்டுதான் மருந்தா? இல்லை. 2011-ல் கொலம்பியா பல்கலைக் கழகத்தார் 42 குழந்தைகளில் ஒரு சாராருக்கு நல்ல கையைத் தடுத்தும், மறு சாராருக்கு இரு கைகளையும் சேர்த்தும் 90 மணி நேரம் பயிற்சி அளித்தார்கள். இரு சாராரும் ஏறக்குறைய ஒரே அளவு முன்னேறினர். பலன் தந்தது குழந்தை தானே முயன்று கையை நீட்டிய அந்த மணிக்கணக்குத்தான். வீட்டில் யாரும் தாமாகக் கட்டுப் போடவும் கூடாது. சின்னஞ்சிறு வயதில் நல்ல கையும் வளர வேண்டியிருக்கிறது.

அடிபட்ட மூளை இதனால் புதிதாகிவிடாது. உடம்பில் ஒரு பக்கம் மட்டும் பாதிக்கப்பட்ட குழந்தைகளைப் பற்றிய விஷயம் இது. கை கால் நான்கும் பாதிக்கப்பட்டவர்களின் பாடு வேறு.

இந்தக் கணக்கை நம் பக்கத்து ஏற்பாட்டோடு வைத்துப் பார்த்தால்தான் சங்கடம் விளங்கும். தாய் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி, வாரத்துக்கு அரை மணி நேரம் சிகிச்சை பெற்றுத் திரும்பினால், 90 மணி நேரம் சேர 180 வாரம் ஆகும். ஏறத்தாழ மூன்றரை வருஷம்! நரம்புகளின் போட்டி அதற்குள் முடிந்துபோயிருக்கும். அந்த அரை மணியிலும் குழந்தையைப் படுக்கவைத்துக் கையை இழுத்துவிடுவதோடு சரி என்றால் கேட்கவே வேண்டாம். மத்திய சர்க்கார் 2013-ல் தொடங்கிய குழந்தைகள் நலத் திட்டம் மாவட்டந்தோறும் ஆரம்ப நிலைச் சிகிச்சை மையத்துக்கு வகை செய்கிறது. அந்த மையங்கள் தாய்க்கும் அங்கன்வாடி ஊழியருக்கும் இந்த விளையாட்டுகளைக் கற்றுக்கொடுத்து, மாதம் ஒரு முறை வந்து பார்த்தாலே போதும். மீதி மணிகள் வீட்டிலேயே கிடைக்கும். சப்பாத்தி மாவு உருண்டையை வலது கைப் பக்கம் வைத்துவிட்டு, அந்த முஷ்டி விரியும்வரை பொறுமையாகக் காத்திருப்பதற்குப் பாட்டியைவிடத் தகுந்த ஆள் யார்?