ஊசியில் வருமா ஆண்மை?

டாக்டர் சொல்லாமலேயே, ஜிம்மில் உடம்பு ஏற்ற டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடும் இளைஞர்கள் ஒரு தப்புக் கணக்குப் போடுகிறார்கள். ஆண் ஹார்மோன் கூடினால் விந்தணுவும் கூடும் என்று!

உண்மை நேர்மாறு. விந்தணுவாக வளரும் செல்களுக்கு இந்த ஹார்மோனை நேரடியாக உணரத் தெரியாது. அவற்றைப் பக்கத்தில் இருந்து வளர்ப்பவை செர்டோலி செல்கள். 1865-ல் இத்தாலியின் என்ரிக்கோ செர்டோலி விவரித்தவை. இவற்றுக்குள் இருக்கும் ஏற்பி, டெஸ்டோஸ்டிரோன் வந்து ஒட்டியதும் உட்கருவுக்குள் நகர்ந்து மரபணுக்களை முடுக்கிவிடும். அப்போதுதான் விந்தணு முழுமையடையும்.

அதற்கு, ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு ஹார்மோன் விரைக்குள் வேண்டும். ஊசி போட்டால்? "அதான் நிறைய இருக்கிறதே" என்று மூளை ஏமாந்து, விரைக்கு அனுப்பும் உத்தரவை நிறுத்திவிடும். வெளியே வெள்ளம், உள்ளே வறட்சி!

1990-ல் வெளியான உலக சுகாதார நிறுவன ஆய்வில் 271 ஆண்களுக்கு வாராவாரம் இதே ஹார்மோன் ஊசி போட்டார்கள். எதற்குத் தெரியுமா? கருத்தடைக்கு! பாதிப் பேருக்கு மேல் விந்தணு அறவே இல்லாமல் போனது.

நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பும். ஆனால் மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் 'மலடி' என்ற பழி மனைவி மேல் விழுந்திருக்கும். ஊசி விற்பவர் இதைச் சொல்ல மாட்டார். போடுகிறவராவது தெரிந்துகொள்ள வேண்டாமா?