வகுப்பு வேண்டாம், பரீட்சை போதும்: யாருக்குப் போதும்?

"தம்பி, வகுப்புக்குப் போகாமலே பட்டம் எடுக்கலாம் எண்டாங்க. பிறகு ஏன் பாடத்துக்குப் பாடம் டியூசன் காசு?"

களுதாவளை வெற்றிலைத் தோட்டமொன்றில் என்னிடம் இப்படிக் கேட்ட அக்கா, 2007 இல் படுவான்கரையிலிருந்து இடம்பெயர்ந்தவர். பாடசாலை அத்தோடு நின்றது. பல ஆண்டுகள் கழித்துத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக உயர்தரம் எழுதிச் சித்தியடைந்தார். இப்போது வெளிவாரிப் பட்டத்துக்குப் படிக்கிறார்.

வெளிவாரி முறை நமக்குப் புதிதல்ல. 1921 இல் கொழும்பில் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரியின் மாணவர்கள் எழுதியதே லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பரீட்சைதான். 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவான பிறகே சொந்தப் பட்டம் வந்தது. ஆனால் அவர்களுக்கு விரிவுரையாளர் இருந்தார், நூலகம் இருந்தது. பரீட்சை மட்டுமே வெளியிலிருந்து வந்தது. நமது பிள்ளைகளுக்கோ பரீட்சையைத் தவிர வேறொன்றும் தரப்படவில்லை.

கிழக்குப் பல்கலைக்கழகம் வந்தாறுமூலையில் இருக்கிறது. இங்கிருந்து மட்டக்களப்பு நகரைத் தாண்டிப் போகவேண்டும். ஒரு நூலைப் பார்க்க ஒருநாள் கூலியை இழக்கவேண்டும். அந்த இடைவெளியில்தான் தனியார் டியூசன் கடை விரிக்கிறது. பரீட்சை தள்ளிப்போனால் வயதும் போகும். அரச நியமனத்துக்கு வயதெல்லை உண்டு.

பிரதேச சபை நூலகங்களில் தமிழ்மொழிப் பாடநூல்களையும் கடந்தகால வினாத்தாள்களையும் வைத்து, இரவு எட்டு மணிவரை திறந்துவைப்பது பெரிய செலவல்ல. அக்காவிடம் இருப்பது, முன்பு எழுதிய ஒருவரிடம் வாங்கிய போட்டோக்கொப்பி. அதில் இரண்டு பக்கங்கள் இல்லை.