எலிக்கு வைக்கும் நஞ்சு

கணியம்பாடி ஒன்றியத்துச் சிற்றூர்களில் நெல்லும் நிலக்கடலையும் வீடு வந்து சேரும்போது எலிகளும் உடன் வருகின்றன. அவற்றை ஒழிக்கத்தான் வேண்டும். ஆனால் அதற்கு வழி எலி பேஸ்ட் அன்று என்பதே எங்கள் கருத்து.

3 விழுக்காடு மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த பேஸ்ட்டுக்குத் தமிழ்நாட்டில் தடை உள்ளது. ஆயினும் பழைய டியூப் ஒன்று பரணில் கிடக்கலாம். தேங்காய்ச் சில்லில் தடவி வைத்ததை எலிக்கு முன்பே குழந்தை தின்றுவிடக்கூடும். மனம் நொந்திருப்பவர் கைக்கும் அது எட்டும். உட்கொண்டவர் ஓரிரு நாள் நலமாகவே தோன்றுவார். பின்னரே கல்லீரல் கெடும். முறிவு மருந்து கிடையாது. ஆகவே காத்திராமல், டியூப்பையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு வருதல் வேண்டும்.

வந்திருப்பது எதுவென முதலில் அறிவோம். அரிசி மணியளவு புழுக்கை சுண்டெலியுடையது. பென்சில் நுழையும் துளை அதற்குப் போதும். உத்திரத்திலும் ஓட்டின்மீதும் ஓடுவது வீட்டெலி. சுவரோரம் மண்ணைத் தள்ளி வளை தோண்டுவது பெருச்சாளி. கூர்மூக்கு மூஞ்சூறு எலியினமே அன்று. பூச்சி தின்னும் அதனை விட்டுவிடலாம்.

துளைகளைக் கம்பிவலை வைத்துச் சிமெண்டால் அடைப்போம். தானியத்தை மூடியுள்ள தகர டின்னில் வைப்போம். எச்சில் பாத்திரங்களை இரவிலேயே கழுவுவோம். பொறியைச் சுவரையொட்டி வைப்போம். புழுக்கையை உலர்ந்தபடி பெருக்காமல், பிளீச்சிங் பவுடர் கரைத்த நீர் தெளித்துத் துடைப்போம். அரை நாள் வேலைதான். அதன்பின் வீட்டில் நஞ்சு வைக்கும் தேவை இராது.