வினவக் கூசுவதேன்?

கோவளம் தர்காவிற்குச் சென்றபோது நாமும் செல்பேசி காட்டிய வழியையே நம்பினோம். மீன் விற்கும் மூதாட்டி ஒருவர், "அந்தத் தெருவுல பள்ளம் தோண்டியிருக்காங்க, இப்படிப் போங்க பாய்" என்றார். கருவி அறியாத பள்ளம் அது!

மலைபடுகடாத்துக் கூத்தனும், நன்னனிடம் பரிசில் பெற்று மீளுங்கால், தான் நடந்த வழியையே எதிர்வருவோர்க்கு உரைக்கிறான். பன்றிக்குப் பொறி வைத்த வழிகளில் விடிந்தபின் செல்க என்று எச்சரிக்கவும் செய்கிறான். 583 அடிகளில் பெரும்பகுதி இத்தகைய வழிகூறலே.

2024 நவம்பரில் உத்தரப்பிரதேசத்துப் பரேலி அருகே, கருவியை நம்பிச் சென்றதாகக் கூறப்பட்ட மகிழுந்து, வெள்ளத்தால் சிதைந்திருந்த பாலத்தினின்று இராமகங்கை ஆற்றில் வீழ்ந்து மூவர் மாண்டனர். நள்ளிரவில் வினவ ஆளில்லாதபோது கருவி உதவும், மறுப்பதற்கில்லை. ஆயினும் பகலில், ஆள் நடமாட்டமுள்ள ஊரில், வண்டியை நிறுத்தி ஒருவரை வினவ நம் மாணவர் கூசுவதேன்?