தவணை வண்டி எல்லை தாண்டலாமா?

மோட்டார் சைக்கிளில் நேபாளம் போய் வர வேண்டும் என்ற ஆசை நம் இளைஞர்களிடையே பரவி வருகிறது. சென்னையிலிருந்து ரக்சால் எல்லை 2,000 கிலோ மீட்டருக்கு மேல். வெயிலையும் மழையையும் தாங்கிக்கொண்டு, முதுகு வலிக்க வலிக்க அவ்வளவு தூரம் போய், ஒரு பாலத்தைத் தாண்டினால் வேறு தேசம்! வயதுக்கேற்ற ஆசைதான், குறை சொல்வதற்கில்லை.

ஆனால், போகிற வண்டி யாருடையது?

"இதென்ன கேள்வி? என் பெயரில்தானே ஆர்.சி. இருக்கிறது" என்பார்கள். சரி, அந்த ஆர்.சி.யை எடுத்து இன்னொரு முறை படித்துப் பார்க்கட்டும். தவணைக் கடனில் வாங்கிய வண்டியானால், அதில் பாங்கியின் பெயரோ பைனான்ஸ் கம்பெனியின் பெயரோ சேர்ந்து நிற்கும். 'எச்.பி.' என்று நாம் சுருக்கமாகச் சொல்வது இதைத்தான். 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 51-வது பிரிவின்படி பதியப்படும் குறிப்பு அது. அந்தக் குறிப்பு இருக்கும் வரையில், கடன் கொடுத்தவர் சம்மதிக்காமல் வண்டியை இன்னொருவர் பெயருக்கு மாற்ற முடியாது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 'சொந்தக்காரர்' என்றால் யார் என்று அதே சட்டத்தின் 2-வது பிரிவு விளக்குகிறது. கடன் ஒப்பந்தத்தில் உள்ள வண்டிக்கு, ஒப்பந்தப்படி அதைத் தம் வசம் வைத்திருப்பவரே சொந்தக்காரராம். ஆக, பொறுப்பு என்று வந்தால் நாம் சொந்தக்காரர். விற்பது என்று வந்தால் பாங்கியைக் கேட்க வேண்டும். வெளிதேசம் கொண்டு போவதென்றால்? இந்தப் பிரிவுகளில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. பேசுவது கடன் ஒப்பந்தம்.

அதை யார் படிக்கிறார்கள்? புது வண்டி கண் முன்னால் பளபளவென்று நிற்கிறது. காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாவியை வாங்கிக்கொள்கிறோம். எழுத்து மூலமான அனுமதியின்றி வண்டியை இந்தியாவுக்கு வெளியே கொண்டு போகக் கூடாது என்ற ஷரத்து இப்படிப்பட்ட ஒப்பந்தங்களில் சாதாரணமாகக் காணப்படுகிறது. பாங்கியின் பயம் நியாயமானதே. தவணை தவறினால் வண்டியைத் திரும்ப எடுக்க இங்கே சட்டப்படி ஒரு வழி இருக்கிறது. அந்த வழியிலும் அடியாட்களை ஏவக் கூடாது என்று 2007-ல் சுப்ரீம் கோர்ட்டு கண்டித்திருக்கிறது. வண்டி காட்மாண்டுவில் நின்றால் அந்த வழியும் கிடையாது.

சாவடியில் கேட்பதில்லை

1950 ஜூலை 31-ம் தேதி கையெழுத்தான இந்திய-நேபாள சமாதான, நட்புறவு ஒப்பந்தத்தின் பயனாக நாம் நேபாளம் போக விசா வேண்டியதில்லை. ஆனால் மனிதனுக்குக் கிடைத்த சலுகை அவன் வண்டிக்குக் கிடைக்கவில்லை. வண்டிக்கு எல்லையிலே 'பன்சார்' என்ற சுங்கச் சீட்டு வாங்க வேண்டும். எத்தனை நாள் தங்குகிறோமோ அத்தனை நாளுக்குக் கட்டணம். வருஷத்தில் 30 நாள் வரைதான் அனுமதி. ஆர்.சி.யைப் பார்ப்பார்கள், லைசென்ஸைப் பார்ப்பார்கள். வண்டி தகப்பனார் பெயரில் இருந்தால் அவருடைய கடிதத்தைக் கேட்பதும் உண்டு. பாங்கியின் கடிதத்தைப் பொதுவாக யாரும் கேட்பதில்லை. பெற்ற தகப்பனைச் சந்தேகிக்கிற சாவடி, பாங்கியை மறந்துவிடுகிறது!

அமெரிக்காவிலிருந்து மெக்சிகோவுக்குள் மோட்டார் சைக்கிள் ஓட்டிப் போகிறவர்களுக்கு இந்தச் சௌகரியம் கிடையாது. எல்லையோரப் பகுதியைத் தாண்டி உள்நாட்டுக்குள் போக வேண்டுமானால், பான்ஹெர்சிட்டோ என்ற மெக்சிகோ ராணுவ பாங்கியின் கவுண்டரில் தற்காலிக இறக்குமதி அனுமதி வாங்கியாக வேண்டும். வண்டி கடனில் இருந்தால், கடன் கொடுத்தவரின் சம்மதக் கடிதம் அங்கே கேட்கப்படும். அதோடு, வண்டியின் வயதுக்குத் தக்கபடி 200 முதல் 400 டாலர் வரை டெபாசிட்டும் வாங்கிக்கொள்கிறார்கள். வண்டி குறித்த காலத்தில் திரும்பினால் பணம் வாபஸ், திரும்பாவிட்டால் போனதுதான். அதே மெக்சிகோவில் பாஹா கலிபோர்னியா தீபகற்பத்துக்கு இந்த அனுமதி வேண்டியதில்லை. அங்கே போகிறவர் நிலை, நேபாளம் போகிற நம்மவர் நிலைதான்.

கெடுபிடியான சாவடி ஒருவிதத்தில் உபகாரம் செய்கிறது என்பது என் அபிப்பிராயம். கடிதம் இல்லாதவனை அது வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். பிரயாணம் கெடும், வேறொன்றும் கெடாது. தாராளமாகத் திறந்துவிடுகிற சாவடியில் கணக்கு அன்றைக்குத் தீர்வதில்லை.

இன்ஷூரன்ஸ் எங்கே நிற்கிறது?

காட்மாண்டுவில் ஒரு விடுதி வாசலில் நிறுத்திய வண்டி காலையில் காணவில்லை என்று வைத்துக்கொள்வோம். போலீஸில் எழுதிக் கொடுத்துவிட்டு, இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்று ஊர் திரும்புகிறான் பிள்ளை. பாலிஸியைப் பிரித்துப் பார்த்தால், 'பூகோள எல்லை: இந்தியா' என்று ஒரு வரி இருக்கிறது. அந்த ஒரு வரியிலே நஷ்டஈடு நின்றுவிடுகிறது. வண்டி இல்லை, நஷ்டஈடு இல்லை. தவணை மட்டும் மாதாமாதம் வரும். அனுமதியில்லாமல் எல்லை தாண்டியது ஒப்பந்தத்தை மீறிய செயல் என்று பாங்கி பாக்கி முழுவதையும் ஒரே மூச்சில் கேட்கவும் இடம் உண்டு. ஜாமீன் கையெழுத்துப் போட்ட அண்ணனோ மாமாவோ இருந்தால் அவர்களுக்கும் நோட்டீஸ் வரும். வண்டியில் அவர்கள் ஒரு நாள் ஏறியிருக்கக்கூட மாட்டார்கள்.

திருட்டாவது பணத்தோடு போயிற்று. மலைப்பாதையில் ஒரு மனிதர் மேல் வண்டி மோதிவிட்டால்? அந்தக் குடும்பத்துக்குக் கொடுக்க வேண்டிய ஈட்டுக்கும் அதே பாலிஸி உதவாது. அன்னிய தேசத்தில், பாஷை தெரியாத இடத்தில், கைப்பணத்தை நம்பி நிற்க வேண்டியதுதான். நம் தேசத்துக்குள் ஓட்டி வரும் வெளிநாட்டு வண்டிகளுக்கு 2022-ம் ஆண்டு விதிகளில் நம் சர்க்கார் இன்ஷூரன்ஸ் பத்திரம் கேட்டிருப்பதன் காரணம் இதிலிருந்தே விளங்கும்.

பரிகாரம் இல்லாமல் இல்லை. நம் மோட்டார் இன்ஷூரன்ஸ் விதிகளில் பூகோள எல்லையை விஸ்தரிக்க ஏற்பாடு உண்டு. நேபாளம், பூட்டான், பங்களாதேஷ், பாகிஸ்தான், இலங்கை, மாலத்தீவு ஆகிய ஆறு தேசங்களுக்குக் கூடுதல் பிரீமியம் கட்டி, பாலிஸியோடு ஒரு சேர்க்கைப் பத்திரம் வாங்கிக்கொள்ளலாம். ஐ.எம்.டி. 1 என்று அதற்கு எண். இலங்கைக்குக் கப்பலேற்றிக் கொண்டுபோனால், கடலிலே நேரும் சேதத்துக்கு அது பொறுப்பில்லை. புறப்படுவதற்கு முன்பே இதை வாங்கிவிட வேண்டும். ரக்சாலில் நின்று யோசிக்கிற விஷயமல்ல.

பாகிஸ்தான், ஈரான் என்று இன்னும் மேற்கே போக நினைப்பவர்களுக்குக் 'கார்னே' என்ற சுங்க ஜாமீன் புத்தகம் வேண்டும். வண்டி திரும்பாவிட்டால் அந்தத் தேசத்துச் சுங்கவரியைக் கட்ட, புத்தகம் கொடுத்த சங்கம் பொறுப்பேற்கிறது. ஆகவே சங்கம் முன்கூட்டியே நம்மிடம் உத்தரவாதம் கேட்கும். தவணை பாக்கி வைத்துக்கொண்டு அந்த வழியில் இறங்குவது புத்திசாலித்தனமல்ல.

பாங்கிகளுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அனுமதி இல்லாமல் போகக் கூடாது என்று ஷரத்துப் போடுகிறவர்கள், அனுமதி கேட்க ஒரு வழியும் வைக்க வேண்டாமா? விண்ணப்பம் எந்த மேஜைக்குப் போக வேண்டும், எத்தனை நாளில் பதில் வரும், என்ன காரணத்துக்கு மறுப்பார்கள் என்று அந்த ஒப்பந்தத்திலேயே இரண்டு வரி சேர்த்தால் காகிதம் தேய்ந்துவிடாது. தவணையை ஒழுங்காகக் கட்டி வருபவர், இன்ஷூரன்ஸ் விஸ்தரிப்பையும் வாங்கிக்கொண்டு வந்து நின்றால், பதினைந்து நாள் பிரயாணத்துக்குக் கடிதம் கொடுப்பதில் பாங்கிக்கு என்ன நஷ்டம்? இன்ஷூரன்ஸ் இருப்பதால் பாங்கியின் பணத்துக்குத்தான் முதலில் பாதுகாப்பு. வழியே இல்லை என்று நினைப்பதால்தான் பலர் சொல்லாமல் போகிறார்கள். நேபாளச் சாவடியும் கேட்காமல் விடுகிறது.

கடன் தீர்ந்துவிட்டது, இனி எங்களுக்கு ஏது கவலை என்பவர்களும் ஆர்.சி.யை ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது. கடைசித் தவணையைக் கட்டிய மாத்திரத்தில் எச்.பி. குறிப்பு தானாக அழிந்துவிடும் என்று நம்பியிருக்கக் கூடாது. பாங்கியின் ஆட்சேபணையில்லாக் கடிதத்தை வாங்கி, 35-ம் படிவத்தில் இரு தரப்பும் கையெழுத்திட்டு, ஆர்.டி.ஓ. ஆபீஸில் கட்டணம் கட்டிப் பதிவை நீக்க வேண்டும். அது நீங்கும் வரையில், காசு முழுவதும் கொடுத்தாகிவிட்டாலும், காகிதத்தின்படி வண்டி கடன் வண்டிதான்.