யந்திரத்துக்குச் சொந்தக்காரன் யார்?

பந்தலூரில் மழை பிடித்துக் கொண்டால் லேசில் விடாது. அப்படியொரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு எஸ்டேட் லைனில் தோழர் ஒருவர் வீட்டுத் திண்ணையில் நாம் ஒதுங்கியிருந்தோம். உள்ளே பிள்ளைகள் நாலைந்து பேர் ஒரே செல்போனைச் சுற்றிக் குவிந்து சினிமாப் பார்த்துக் கொண்டிருந்தார்கள். தமிழ் பேசும் அமெரிக்கப் படம். ‘அவெஞ்சர்ஸ்: ஏஜ் ஆஃப் அல்ட்ரான்’ என்று பெயர், 2015-ல் வந்தது. அல்ட்ரான் என்ற யந்திர மூளை மனித குலத்தையே பூண்டோடு அழிக்கப் புறப்படுகிறது. அசகாய சூரர்களின் கோஷ்டியொன்று அதை எதிர்த்துப் போராடுகிறது. ஒருவன் பறக்கிறான், ஒருவன் சம்மட்டி வீசுகிறான், ஒருவன் பச்சை நிறப் பூதமாகிறான்.

அந்த வீட்டுக் கிழவி மூலையில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக் கொண்டிருந்தார். இலங்கையிலிருந்து மண்டபம் முகாம் வழியாக வந்தவர். 1964-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டு 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கு என்று கணக்கெழுதினார்களே, அந்தக் கணக்கில் அவரும் ஒரு எண். எண்களைப் பற்றி அவருக்குச் சந்தேகம் அதிகம். பேரனைப் பார்த்துக் கேட்டார்: “ஏன்டா, அந்த மெஷினுக்குச் சொந்தக்காரன் யாரு?”

“அதுக்குச் சொந்தக்காரனே கிடையாது அப்பாயி. அது யாரு பேச்சையும் கேக்காது.”

கிழவி சிரித்துவிட்டார். எஸ்டேட்டில் அறுபது வருஷம் கொழுந்து பறித்தவரிடம் போய், சொந்தக்காரன் இல்லாத மெஷின் என்று சொன்னால் சிரிக்காமல் என்ன செய்வார்?

உண்மையில் படத்திலேயே சொந்தக்காரன் இருக்கிறான். டோனி ஸ்டார்க் என்ற கோடீஸ்வரன். ஆயுதம் விற்றுச் செல்வம் சேர்த்த முதலாளி. அவன் கம்பெனிக் குண்டு விழுந்துதான் சொகோவியா என்ற ஏழை நாட்டில் இரட்டைப் பிள்ளைகள் தாய் தகப்பனை இழந்தார்கள் என்று படமே சொல்கிறது. அல்ட்ரானை உண்டாக்கியதும் அவனே. கூட்டாளிகளிடம்கூடக் கேட்காமல் உண்டாக்கினான். கடைசியில் என்ன? அந்த ஏழை நாட்டின் நகரம் பெயர்ந்து வானத்தில் ஏறி நொறுங்குகிறது. ஸ்டார்க் தன் காரில் ஏறிப் போகிறான். வழக்கில்லை, விசாரணையில்லை, நஷ்ட ஈட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை! குற்றமெல்லாம் யந்திரத்தின் தலையில்.

நம்மூர் ‘எந்திரன்’ (2010) இந்த விஷயத்தில் கொஞ்சம் நேர்மையானது என்போம். சிட்டி தானாகக் கெட்டுப் போகவில்லை. அழிவுச் சில்லு ஒன்றை அதற்குள் சொருகிய மனிதன் ஒருவன் அங்கே கண்ணுக்குத் தெரிகிறான்.

யந்திரம் கலகம் செய்யும் என்ற இந்தப் பயம் யாருடைய பயம்? ‘ரோபோ’ என்ற சொல்லையே பாருங்கள். செக் நாட்டு எழுத்தாளர் கரெல் சாப்பெக் 1920-ல் எழுதிய நாடகத்திலிருந்து அது உலகத்துக்கு வந்தது. அந்த மொழியில் ‘ரோபோட்டா’ என்றால் பண்ணைப் பிரபுவுக்கு அடிமைக் குடியானவன் செய்ய வேண்டிய வெட்டி வேலை. பண்ணையாளாக இருந்தவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதன் அர்த்தத்தைச் சொல்ல அகராதி வேண்டியதில்லை. நாடகத்தில் அந்த வேலையாட்கள் எஜமானர்களை எதிர்த்து எழுகிறார்கள். ஆக, யந்திரக் கலகக் கதை பிறந்தபோதே அதற்குள் இருந்தது எஜமானனின் பழைய பயம்தான்: சொன்னதைச் செய்து வந்தவன் ஒருநாள் செய்யமாட்டேன் என்றால்?

நமக்கு வந்திருக்கும் ஆபத்து வேறு. பேச்சைக் கேட்காத யந்திரத்தால் நமக்கு இதுவரை ஒரு நாள் கூலியும் போனதில்லை. எஜமானன் பேச்சை அட்சரம் பிசகாமல் கேட்கிற யந்திரத்தால்தான் போகிறது.

நூறு நாள் வேலைக்குப் போனவர்களுக்கு இது தெரியும். 2023 ஜனவரி 1 முதல் எல்லா வேலைத்தளங்களிலும் மத்திய சர்க்கார் செல்போன் வருகைப் பதிவைக் கட்டாயமாக்கியது. நாளுக்கு இரண்டு முறை போட்டோ எடுத்து ஏற்ற வேண்டும். மலைச் சரிவில் சிக்னல் இல்லை, போட்டோ ஏறவில்லை என்றால்? மண் வெட்டியது வெட்டியதுதான், கூலி இல்லை! அந்த ஆண்டு பிப்ரவரியில் பல மாநிலத் தொழிலாளர்கள் டில்லி ஜந்தர் மந்தரில் நூறு நாள் தர்ணாவைத் தொடங்கியதற்கு இதுவும் ஒரு காரணம். மோசடியைத் தடுக்க வந்த யந்திரம் என்றார்கள். 2025 ஜூலையில் அதே இலாகா சுற்றறிக்கை விட்டது: சம்பந்தமில்லாத படங்களும், படத்தையே படமெடுத்த படங்களும் ஏறியிருக்கின்றனவாம். மோசடிக்காரனுக்கு வழிவிட்டது, கடப்பாரை பிடித்தவளின் வயிற்றில் அடித்தது. இதில் அல்ட்ரான் எங்கே வந்தான்?

இனி, அந்தச் சினிமா சூரர்களின் நிஜக் கதையைக் கேளுங்கள்.

படத்தை எடுத்த மார்வெல் கம்பெனி 2009 முதல் டிஸ்னி என்ற ஏகபோகத்தின் கையில் இருக்கிறது. 2023 மே 2-ந் தேதி ஹாலிவுட்டின் கதாசிரியர்கள் 11,500 பேர் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். ஜூலை 14-ல் நடிகர் சங்கமும் இறங்கியது. 1 லட்சத்து 60 ஆயிரம் அங்கத்தினர்கள். இரண்டு சங்கமும் ஒரே சமயத்தில் நின்றது 1960-க்குப் பிறகு அப்போதுதான். கூலி முதல் கோரிக்கை. அதற்கு அடுத்து நின்றது எது? செயற்கை நுண்ணறிவு! கூட்டத்தில் நிற்கும் துணை நடிகனை யந்திரத்தில் படம் பிடித்து, ஒரு நாள் கூலி கொடுத்துவிட்டு, அவன் முகத்தையும் உடம்பையும் என்றென்றைக்கும் பயன்படுத்தப் பார்க்கிறார்கள் என்று சங்கம் பகிரங்கமாகக் குற்றஞ்சாட்டியது. முதலாளிமார் மறுத்தார்கள். கோடிக்கணக்கில் டாலர் சம்பளம் வாங்கிய அப்போதைய டிஸ்னி தலைவர் பாப் ஐகர், தொழிலாளர்களின் எதிர்பார்ப்பு யதார்த்தமாக இல்லை என்று பேட்டி கொடுத்தார். ஒரு மாதம் முன்புதான், 2023 ஜூனில், மார்வெல் தன் தொடர் ஒன்றின் தலைப்புக் காட்சியைச் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு தயாரித்து வெளியிட்டிருந்தது.

திரையில் இரண்டரை மணி நேரத்துக்குள் யந்திரத்தை வென்ற சூரர்கள், அந்தச் சங்கத்தின் அங்கத்தினர்கள். நிஜத்தில் 118 நாள் பிடித்தது. கதாசிரியர்களுக்கு 148 நாள். பறந்து யாரும் ஜெயிக்கவில்லை. கம்பெனி வாசலில் வெயிலில் தட்டி பிடித்து நடந்து ஜெயித்தார்கள். நடிகனின் யந்திர நகலை அவன் சம்மதமும் கூலியும் இல்லாமல் பயன்படுத்தக் கூடாது. யந்திரத்தை எழுத்தாளன் என்று போடக் கூடாது. அதை உபயோகித்தே எழுது என்று வற்புறுத்தக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுத வைத்தார்கள்.

எல்லாம் கிடைத்துவிட்டது என்று நாம் சொல்லவில்லை. யந்திரத்தையே நடிகனாகப் போடுவதை அடியோடு தடுக்க முடியவில்லை. வாக்களித்த நடிகர்களில் 78 விழுக்காடுதான் ஒப்பந்தத்தை ஆதரித்தது. ஆனால் அதே ஆண்டு செப்டம்பரில் இன்னொன்று நடந்தது. அந்தப் பூதத்தையும் பறக்கும் மனிதனையும் திரையில் கொண்டு வரும் வேலையில் உழைக்கிற மார்வெல் தொழிலாளர்கள் சங்கம் அமைப்பதா என்று வாக்கெடுத்தார்கள். ஆதரவு 32, எதிர்ப்பு பூஜ்யம். பெயர் தெரியாத அந்த 32 பேரைப் பற்றிச் சினிமா வராது.

யந்திரத்தையே உடைக்க வேண்டும் என்று நாம் சொல்வதாக யாரும் திரிக்க வேண்டாம். 1811-ல் இங்கிலாந்தின் நாட்டிங்காம்ஷயரில் காலுறை நெய்த தொழிலாளிகள் தறிகளை உடைத்துப் பார்த்தார்கள்; மறு வருஷமே தறியை உடைத்தால் தூக்கு என்று சட்டம் வந்தது, தறி போகவில்லை. யந்திரம் நல்லது செய்யாதா? செய்யும். கோவை மதுக்கரையில் ரயில் மோதி யானைகள் செத்துக் கொண்டிருந்தன. 2021 நவம்பரில் நவக்கரை அருகே ஒரே இரவில் மூன்று செத்தன. 2024 பிப்ரவரியில் 12 கோபுரங்களில் 24 வெப்பக் காமிராக்களை மாட்டி, தண்டவாளத்தருகே யானை வந்தால் செயற்கை நுண்ணறிவு முன்கூட்டியே எச்சரிக்கும்படி தமிழ்நாட்டு வனத்துறை செய்தது. விடியலில் யானைக்குப் பயந்து வேலைக்குப் போகும் பந்தலூர்க்காரர்களுக்கு இந்த யந்திரத்தின் அருமையைச் சொல்ல வேண்டுமா? அதே காமிரா, யானையை விட்டுவிட்டுக் கொழுந்து பறிப்பவள் எத்தனை நிமிஷம் நிமிர்ந்து நின்றாள் என்று எண்ண ஆரம்பித்தால் அது வேறு யந்திரம். கண் அதுதான். யாருக்காகப் பார்க்கிறது என்பதுதான் வேறு.

படம் முடியுமுன் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. பிள்ளைகள் மழையில் ஓடிவிட்டார்கள். பிறகுதான் கிழவியின் மருமகள் விஷயத்துக்கு வந்தார். அவர் வேலை செய்யும் இடத்தில் பழைய தொங்கு தராசு போய் எலெக்ட்ரானிக் தராசு வந்திருக்கிறது. முன்பு முள் எங்கே நிற்கிறது என்று வரிசையில் நிற்பவர்கள் எல்லோரும் பார்க்கலாம். இப்போது எண் தெரியும் முகம் கணக்குப்பிள்ளை பக்கம். இவர் சுமந்து வந்து வைத்தது எத்தனை கிலோ என்று அவர் சொன்னால்தான் உண்டு. சாக்குக்கு, ஈரத்துக்கு என்று எவ்வளவு கழிகிறது என்று கேட்டால், “மெஷின் பொய் சொல்லாது” என்று பதிலாம்.

தராசின் முகத்தைப் பெண்கள் பக்கமும் திருப்பி வைக்க வேண்டும், நிறுக்கும்போது பறிப்பவர்களில் ஒருவர் பக்கத்தில் நின்று எழுதிக் கொள்ள வேண்டும் என்று பேரனின் நோட்டிலிருந்து கிழித்த தாளில் மனு எழுதியாயிற்று. நாம் கிளம்பும்போது அந்த லைனில் வீடு வீடாகக் கையெழுத்து ஏறிக் கொண்டிருந்தது. முதல் கைநாட்டு கிழவியுடையது. அவர் வேலையை விட்டு எத்தனையோ வருஷமாயிற்று, இது செல்லாது என்று யாரோ சொன்னார்கள். இருக்கட்டும் என்றார்.